எலும்பு கூடும்வரை: தாடைக்கு வைத்த பிளேட்டும் ஸ்குரூவும்

நரிக்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர், தாடையில் ஆபரேஷன் முடிந்த பதினாறாம் நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். இரவில் பைக்கில் வரும்போது ஆடு குறுக்கே பாய, விழுந்து கீழ்த்தாடை உடைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து, பல்லெல்லாம் பழையபடி சேர்ந்ததைப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “வலியே இல்ல டாக்டரய்யா. நேத்து விசேஷ வீட்டுல ரெண்டு வாய் கறி தின்னேன், அம்புட்டுத்தான். ராத்திரியிலருந்து பல்லு சேர மாட்டேங்குது” என்றார். எக்ஸ்ரேயில் பிளேட் முழுசாகத்தான் இருந்தது. உடைப்புக்கு முன்பக்கம் இருந்த இரண்டு ஸ்குரூவும் எலும்பிலிருந்து வெளியே இழுபட்டிருந்தன. கூட வந்த அம்மா கேட்டார்: “இரும்பு வெச்சும் ஏன்யா ஆடுது?”

அந்த அம்மாவுக்கு அன்று அவசரத்தில் நாலு வரியில் பதில் சொன்னேன். முழுப் பதிலை இந்த அத்தியாயத்தில் எழுதுகிறேன். திருச்சுழி, பரளச்சி, நரிக்குடி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் தாடை உடைந்தவர் வீட்டில் யாராவது ஒருவர் இதை ஒரு தடவை படித்து வைத்திருந்தால் போதும். கிராமச் செவிலியர்களுக்கும் இது உதவும். விழுந்த இடத்தில் செய்ய வேண்டிய முதலுதவி முந்தைய அத்தியாயத்தில் இருக்கிறது. ஆபரேஷன் மேசையில் தொடங்கி எலும்பு கூடும்வரை உள்ள காலம்தான் இங்கே விஷயம்.

பிளேட் செய்யும் வேலை

எலும்பைக் கூட்டுவது உடம்பு. அதுவரை உடைந்த இரு முனைகளையும் ஆடவிடாமல் பிடித்துக்கொள்வது பிளேட். உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அதற்குள் நூலிழை போன்ற ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவற்றைப் பின்பற்றி இளம் எலும்பு படிகிறது. இந்தக் குழாய்கள் மிக மென்மையானவை. முனைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி ஆடினால் முளைத்தது முளைத்தது அறுந்துபோகும். அப்போது எலும்பு படிய வேண்டிய இடத்தில் நார் படிந்து நின்றுவிடும். ஆடும் இடத்தில் வாய்க்கிருமி சுலபமாகக் குடியேறும். “சீழ் வெச்சதால பிளேட் கழண்டுருச்சு” என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பல நேரங்களில் நடப்பது நேர்மாறு: முதலில் ஆட்டம், பிறகு சீழ்.

அந்த அம்மா இரும்பு என்று சொன்னது டைட்டானியம். அதன் மூலப்பொருள் நமக்கு அந்நியமானதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம் டைட்டானியத் தாது. மருத்துவத்துக்கு இந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. காற்று பட்டதுமே அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடுவதால் உடம்புக்குள் துருப்பிடிக்காது, திசுக்களும் அதை ஏற்றுக்கொள்ளும். எஃகோடு ஒப்பிட்டால் விறைப்பு ஏறத்தாழ பாதி. எலும்பைவிட விறைப்பு அதிகம்தான் என்றாலும், எஃகு அளவுக்கு எலும்பின் பாரத்தையெல்லாம் தானே பிடுங்கிக்கொள்வதில்லை.

கிளை எங்கே பிளக்கும்?

வேப்பங்கிளை ஒன்றின் நுனியில் ஒரு பையன் ஏறி உட்காருகிறான். கிளை ஒடியத் தொடங்கினால் எந்தப் பக்கம் முதலில் பிளக்கும்? மேல்பக்கம். மேல்பட்டை இழுபட்டுக் கிழியும், கீழ்ப்பட்டை நசுங்கும். மரம் ஏறிய எவருக்கும் இது தெரியும்.

கீழ்த்தாடையும் இப்படி ஒரு கிளைதான். அதன் அடிப்பகுதி காதுக்கு முன்னால் மூட்டிலும், கன்னத்தில் புடைக்கும் மெல்லும் தசைகளிலும் பிடிபட்டிருக்கிறது. முன்பல்லால் எதையாவது கடித்தால் நுனியில் பாரம் ஏறுகிறது. பல்வரிசை இருக்கும் மேல்விளிம்பு இழுபடுகிறது, கீழ்விளிம்பு அழுந்துகிறது. எலும்பு உடைந்திருந்தால் மேல்விளிம்பில்தான் உடைப்பு வாய் திறக்கும்.

பிளந்த கிளையைக் காப்பாற்ற எங்கே கயிறு கட்டுவீர்கள்? பிளவு திறக்கும் மேல்பக்கத்தில் இழுத்துக் கட்டினால் சின்னக் கயிறே போதும். கீழ்ப்பக்கம் தன் பாரத்தாலேயே இறுகிக்கொள்ளும். கீழே எவ்வளவு கனமான பட்டையை வைத்து ஆணி அடித்தாலும் மேலே திறப்பதைத் தடுக்க அது திணறும்.

இவ்வளவு எளிய உண்மை தாடை மருத்துவத்தில் நிலைபெற வெகுகாலம் ஆனது. மேல்விளிம்பில் பல்வேர்கள் இருக்கின்றன, எலும்புக்குள்ளே நரம்பு ஓடுகிறது. அதனால் கழுத்துப்பக்கம் வெளியே கீறி, கீழ்விளிம்பில் தடித்த பிளேட்டை வைத்து, எலும்பின் இரு சுவர்களையும் துளைக்கும் நீள ஸ்குரூ போட்டு இறுக்கும் முறை ஐரோப்பாவில் ஓங்கியிருந்தது. 1958இல் ஸ்விட்சர்லாந்தில் உருவான ஏஓ குழுவின் ‘இறுக்கிச் சேர்க்கும்’ கொள்கை அதற்கு அடிப்படை. பிரான்சில் மிஷலே 1973இல் வேறு வழி காட்டினார். சிறிய பிளேட்டை வாய்க்குள்ளேயே கீறி வைத்து, எலும்பின் வெளிச்சுவரை மட்டும் பிடிக்கும் குட்டை ஸ்குரூக்களால் நிறுத்தலாம் என்றார். ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் மாக்சிம் ஷாம்பியும் அவருடைய குழுவினரும் தாடையில் விசைகள் ஓடும் விதத்தை ஆராய்ந்து, எந்த இடத்து உடைப்புக்கு எந்தக் கோட்டில் பிளேட் வைக்க வேண்டும் என்று வரைந்தே காட்டினார்கள். அவர்களுடைய 1978ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு உலகம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. இன்று நம்மூர் நோயாளிக்கு வெளியே தழும்பில்லாமல் பிளேட் வைக்க முடிவது இவர்களால்தான்.

அந்தக் கோடு இப்படிப் போகிறது. கடைவாய்க்குப் பின்னால் தாடை வளையும் மூலையில் உடைந்தால், மேல்விளிம்பை ஒட்டிய மேட்டில் ஒரு பிளேட் போதும். பல்வரிசையின் நடுப்பகுதியில் உடைந்தால் பல்வேர்களுக்குச் சற்றுக் கீழே ஒன்று. முகவாய்ப் பகுதியில் உடைந்தால் மட்டும் இரண்டு வேண்டும். ஒருபக்கமாக மெல்லும்போது தாடையின் முன்வளைவு ஈரவேட்டியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. ஒற்றைக் கீலில் தொங்கும் கதவு திருகிக்கொள்ளும் அல்லவா? இரண்டாவது கீல் வேண்டும். அதனால் மேலே ஒன்றும் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கீழே ஒன்றுமாக இணையாக வைக்கிறார்கள்.

“பக்கத்து வீட்டுக்காரருக்கு ரெண்டு பிளேட், எனக்கு ஒண்ணுதானா?” என்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்தி. உலோகம் கூடினால் உறுதி கூடும் என்பதில்லை. தாடை மூலை உடைப்புகளை அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1990களில் எட்வர்ட் எல்லிஸ் தொடர்ந்து ஆராய்ந்தபோது, இரண்டு சிறு பிளேட் வைத்தவர்களைவிட ஒன்றே வைத்தவர்களுக்குத் தொந்தரவு குறைவாக இருந்தது. இரண்டாவது பிளேட்டுக்காக எலும்பின் மேல் உறையை இன்னும் அதிகம் விலக்க வேண்டும். அந்த உறை வழியாகத்தான் எலும்புக்கு ரத்தத்தின் ஒரு பங்கு போகிறது.

“நல்ல பக்கத்துலதானே மெல்லுறேன்”

நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மிகவும் பயப்படும் பேச்சும் இதுதான். இடப்பக்கம் உடைந்தவர் வலப்பக்கம் மென்றால் உடைந்த பக்கத்துக்கு ஓய்வு என்று நினைக்கிறார். தாடை இரு பக்கமும் மூட்டில் மாட்டிய ஒரே வளையம். வலக் கடைவாயில் கடித்தாலும் இடப்பக்க உடைப்பு வளைகிறது, முறுக்கப்படுகிறது. கடிக்கும் இடம் உடைப்புக்கு மிக அருகில் வந்தால் கிளைக்கணக்கே தலைகீழாகி, கீழ்விளிம்பு திறக்கப் பார்க்கும். மேல்விளிம்பில் வைத்த சின்ன பிளேட் அந்தத் திசை விசைக்காக வைத்ததில்லை. ஆகவே எந்தப் பக்கமும் மெல்லக் கூடாது.

பகிர்ந்து சுமப்பதும் தனியே சுமப்பதும்

மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா போட்டிருக்கும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது மரவட்டைகளும் ஆரக்கால்களும். அவை விலகாமல் இறுக்கிப் பிடிப்பது பட்டா. சிறு பிளேட் அந்த மாதிரி. உடைந்த முனைகள் பல்லோடு பல்லாகச் சரியாகப் பொருந்தி ஒன்றையொன்று தாங்கும்போது மட்டும்தான் ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள அந்தத் தகடு போதும்.

எலும்பு நொறுங்கிப் பல துண்டாகியிருந்தாலோ, ஒரு துண்டே போய்விட்டிருந்தாலோ, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எதிரே எலும்பு இல்லை. அப்போது பாலம்போலத் தனியே சுமக்கும் பெரிய பிளேட் வேண்டும்: 2.4 மில்லிமீட்டர் ஸ்குரூ வகை, உடைப்புக்கு இருபுறமும் நல்ல எலும்பில் குறைந்தது மூன்று மூன்று ஸ்குரூ. சிறு பிளேட்டுக்கு இருபுறமும் குறைந்தது இரண்டிரண்டு போதும்.

பல்லெல்லாம் விழுந்த பெரியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல் போனபின் தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் கரைந்து, சிலருக்கு விரல் தடிமனுக்கு மெலிந்துவிடுகிறது. வாசற்படியில் தடுக்கி விழுந்தாலே உடையும். “மெல்லிய எலும்புதானே, சின்ன பிளேட் போதுமே” என்று தோன்றும். மெலிந்த எலும்பு எதையும் பகிர்ந்து சுமக்காது, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் அவர்களுக்குத்தான் பெரிய பிளேட் அவசியம். உங்கள் வீட்டு ஆச்சிக்கோ தாத்தாவுக்கோ வெளியே கீறிப் பெரிய பிளேட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தயங்காதீர்கள்.

நாட்டுக் கட்டுப் பற்றியும் கேட்பார்கள். கை கால் முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் கைகள் மேல் நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கை எனக்குத் தெரியும். தாடையில் உடைப்பு திறக்கும் இடம் வாய்க்குள்ளே, பல்வரிசைப் பக்கம். மோவாய்க்குக் கீழே வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டும் அங்கே எட்டாது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வலி குறைக்கத் துணியால் தாங்கலாம், அதுவும் ரத்தமோ வாந்தியோ இல்லாதபோது மட்டும்.

ஸ்குரூவின் பிடி

பிளேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எலும்பில் அதைப் பிடித்திருப்பது ஸ்குரூவின் மரை. எலும்பின் வெளிச்சுவர் கெட்டி. உள்ளே பஞ்சுபோன்ற பகுதி. சிறு பிளேட்டுக்குப் போடும் 2 மில்லிமீட்டர் ஸ்குரூவின் பிடி பெரும்பாலும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த வெளிச்சுவரில்தான் இருக்கிறது. அதற்கான துளை ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். துளை ஒரு மயிரிழை அகலமானாலும், துளைக்கும்போது கை ஆடினாலும், மரைக்குப் பற்றிக்கொள்ள எலும்பு குறைந்துபோகும்.

துளைக்கும்போது எழும் சூடு இன்னொரு எதிரி. எலும்பு ஒரு நிமிஷம் 47 டிகிரி செல்சியஸைத் தாங்கினாலே செத்துப்போகத் தொடங்குகிறது என்று ஸ்வீடனில் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் காட்டினார்கள். அன்றைக்கு ஸ்குரூ இறுக்கமாகத்தான் தெரியும். சுற்றியுள்ள எலும்பு செத்துப் பின்வாங்கியபின், இரண்டு மூன்று வாரத்தில் கழலும். ஆபரேஷனில் துளைக்கும்போது உதவியாளர் உப்புநீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதன் காரணம் இது. சின்ன வேலையாகத் தோன்றும் இந்த ஊற்றலை நான் பயிற்சி மருத்துவர்களிடம் திரும்பத் திரும்ப வற்புறுத்துவேன். இறுக்கும்போது அளவு மீறித் திருகினால் எலும்பில் வெட்டிய மரை சிதைந்து ஸ்குரூ சும்மா சுற்றும். அந்த நிலைக்காகவே சற்றுப் பருத்த மாற்று ஸ்குரூ பெட்டியில் இருக்கும். சும்மா சுற்றுவதை அப்படியே விட்டுவிட்டு மூடக் கூடாது.

இன்னொரு நுட்பம். சாதாரண பிளேட்டில் ஸ்குரூ இறுக இறுக, எலும்பு பிளேட்டை நோக்கி இழுபடும். பிளேட்டை எலும்பின் மேடு பள்ளத்துக்குச் சரியாக வளைக்காமல் வைத்தால், இறுக்கும்போது எலும்பே இடம் மாறிக் கடி தப்பிவிடும். லாக்கிங் பிளேட்டில் ஸ்குரூவின் தலையிலும் மரை உண்டு. அது பிளேட்டின் துளையிலேயே பூட்டிக்கொள்வதால் எலும்பு இழுபடாது. பெரிய பிளேட்டுகளில் இதன் பயன் அதிகம். எதை வைத்தாலும் முதலில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிக் கடியைச் சரிசெய்துவிட்டுத்தான் பிளேட் போடுவார்கள். கதவை நிலையோடு பொருத்திப் பார்த்துவிட்டுக் கீல் அடிக்கும் ஆசாரியின் முறை அது.

தாடையின் அமைப்பையே திருத்தும் ஆபரேஷனிலும் இதே கணக்குதான். 1957இல் ஒப்வெகெசர் விவரித்த முறையில் கீழ்த்தாடையை இருபுறமும் பலகைபோல இரண்டாகப் பிளந்து, முன்னேயோ பின்னேயோ நகர்த்திச் சேர்க்கிறார்கள். அங்கே இரு சுவர்களையும் துளைக்கும் ஸ்குரூ மூன்று போட்டால், அவற்றை ஒரே வரிசையில் போடுவதைவிட முக்கோணமாகப் போடுவது உறுதி. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது.

கட்டுக்கம்பி ஒடிவது போல

கொத்தனார் கட்டுக்கம்பியை எப்படி ஒடிக்கிறார்? இழுத்து ஒடிப்பதில்லை. இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை வளைக்கிறார், ஒடிந்துவிடுகிறது. பிளேட்டும் ஒரே கடியில் ஒடிவது அபூர்வம். ஒவ்வொரு மெல்லலிலும் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்ந்து களைத்து, பிறகுதான் ஒடிகிறது. வைக்கும்போதே முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பார்த்த பிளேட் பாதி ஆயுளை மேசையிலேயே இழந்துவிடும்.

எலும்பு கூடுவதும் உலோகம் களைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எலும்பு முந்திக்கொண்டால் பாரத்தை அது எடுத்துக்கொள்ளும். பிளேட் வேலையற்றுக் கிடக்கும். உலோகத்தை முந்தவிடுவது நம் வாய்தான்.

நல்ல உடல்வாகு உள்ள ஆணின் கடைவாய் 50 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசையோடு கடிக்கும். தாடை உடைந்தவருக்கு உடம்பு தானே ஒரு கடிவாளம் போடுகிறது. முதல் வாரத்தில் கடிவிசை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆறாம் வாரத்தில்கூடப் பாதியைச் சற்றே தாண்டும். சிறு பிளேட் பிழைப்பது இந்தக் கடிவாளத்தை நம்பித்தான். இரண்டாம் வாரம் வலி அடங்கும்போது கடிவாளம் தளர்கிறது, எலும்போ இன்னும் இளசு. நரிக்குடித் தம்பிக்கு நடந்தது அதுவே. அவருக்கு மறுபடி ஆபரேஷன் செய்து, வேறு துளைகளில் ஸ்குரூ போட்டு, பல்லையும் கம்பியால் கட்டிவைக்க வேண்டியதாயிற்று.

ஆறு வாரச் சாப்பாடு

முதல் இரண்டு வாரம் குடிக்கிற பதத்தில் மட்டும். இந்த விஷயத்தில் கரிசல் காட்டுச் சமையல் நமக்குப் பெரிய துணை. கம்பங்கூழையும் கேப்பைக்கூழையும் மோர் விட்டுக் கரைத்து, வடிகட்டிக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ளும் வெங்காயமும் மோர்மிளகாயும் வேண்டாம். கூழ் மட்டும் போதாது. எலும்பு கூடப் புரதம் வேண்டும். பாசிப்பருப்பை மசிய வேகவைத்த தண்ணீர், பால், பச்சை வாடை போக வேகவைத்துப் பாலோடு அடித்த முட்டை, ஆட்டுக்கால் சூப் எல்லாம் நல்லது. ஒருவேளைக்கு நிறையக் குடிக்க முடியாது என்பதால் நாளுக்கு ஆறேழு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் முடியும்வரை நாக்கால் அண்ணத்தில் நசுக்கி விழுங்கக்கூடியது எதுவும் சாப்பிடலாம்: குழைந்த ரசஞ்சோறு, பாலில் ஊறவைத்த இட்லி, முள் நீக்கி மசித்த மீன், வாழைப்பழம். சீவல், சேவு, முறுக்கு, கடலை, கரும்பு, பரோட்டா, எலும்புக்கறி, வெற்றிலை பாக்கு இந்த ஆறு வாரமும் கிட்டே வரக் கூடாது. விசேஷ வீட்டுக்குப் போனால் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பீடியும் புகையிலையும் ரத்தக் குழாயைச் சுருக்கி, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்தால்தான் தையல் ஆறும். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் பல்லும் துலக்க வேண்டும். மஞ்சுவிரட்டுக் களமும் கபடியும் குறைந்தது மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால், நேற்றுவரை சேர்ந்த பல் இன்று சேராவிட்டால், கடிக்கும்போது ‘டக்’ என்று ஏதோ நகர்ந்தால், உடைப்புக்கு இருபுறமும் உள்ள பற்கள் தனித்தனியாக அசைந்தால், தையலில் சீழோ கெட்ட நாற்றமோ வந்தால், ஈறு விலகி உலோகம் கண்ணில் பட்டால், மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் வந்தால் தளர்ந்த ஸ்குரூவை மாற்றுவதோடு முடியலாம். கீழுதட்டில் மரமரப்பு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்; அடிபட்ட நரம்பு தேறப் பல மாதம் ஆகும்.

முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போவது நல்லது. முடியாவிட்டால் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை, 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை என்று வழி இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்பிறகு தேவைப்படும் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவுமா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரேயையும் கையில் எடுத்துப் போங்கள். எந்த அளவு பிளேட், எத்தனை ஸ்குரூ என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்; வேறு அளவுத் திருப்புளி அந்த ஸ்குரூவில் பொருந்தாது. ஆபரேஷன் முடிந்த வாரமே பல் கடித்த நிலையில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கடி மாறியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் அந்தப் படம் பதில் சொல்லும்.

எலும்பு கூடியபின் பிளேட்டை எடுக்க வேண்டுமா என்றால், தொந்தரவு தராதவரை பெரியவர்களுக்கு அது உள்ளேயே இருக்கலாம். வளரும் பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் தாடைக்குள் முளைக்கக் காத்திருக்கும் பற்கள் நிறைந்திருப்பதால் ஸ்குரூ போடவே இடம் குறைவு. முடிந்தவரை பிளேட் இல்லாமல் பல்லைக் கட்டியே சேர்ப்பார்கள். பிளேட் வைக்க நேர்ந்தால் சில மாதத்தில் எடுத்துவிடச் சொல்வார்கள். பிள்ளைக்கு வலி இல்லை என்பதற்காக அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று சொன்ன அன்றே பரோட்டாவுக்குப் போய்விட வேண்டாம். அந்த வாரம் மெத்தென்ற தோசை, அடுத்த வாரம் சப்பாத்தி, அதற்கடுத்து நன்றாக வெந்த எலும்பில்லாத கறி. மூன்று மாதம் ஆனபிறகு கரும்பைக் கடிக்கலாம்.